வீட்டிலேயே ஒரு சர்ஃப் போர்டு

சர்ஃப் போர்டு ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது வெறும் நுரை. விரலால் அழுத்தினால் குழி விழும் அளவுக்கு மெத்தென்ற நுரை. அதன்மேல் கண்ணாடி இழைத் துணி. துணியை நுரையோடு இறுக்கிப் பிடித்திருக்கும் ரெசின். நடுவே மூக்கிலிருந்து வால் வரை 3, 4 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு மரப்பட்டை ஓடும். அதை ஸ்ட்ரிங்கர் என்பார்கள். அவ்வளவுதான். மிதப்பும் வடிவமும் நுரையின் பொறுப்பு. ஆள் ஏறி நின்றாலும் அலை புரட்டிப் போட்டாலும் உடையாமல் தாங்குவது துணியும் ரெசினும் சேர்ந்த அந்த மெல்லிய ஓட்டின் பொறுப்பு. மேலோட்டையும் கீழோட்டையும் நுரை விலக்கி நிறுத்தி வைத்திருப்பதால்தான் இவ்வளவு மெல்லிய ஓடு இவ்வளவு பாரம் தாங்குகிறது. ஓடும் நுரையும் எங்காவது ஒட்டாமல் விட்டுப்போனால் அந்த இடத்தில் பலம் போயிற்று.

இது புரிந்துவிட்டால், வீட்டில் பலகை செய்வதில் எது எளிது எது கடினம் என்பதும் விளங்கிவிடும். நுரையைச் செதுக்கும்போது கொஞ்சம் முன்பின் ஆனாலும் பலகை கடலில் ஓடத்தான் செய்யும். துணி போர்த்தி ரெசின் ஊற்றும் அந்த அரைமணி நேரத்தில் பிசகினால் பழுதைத் திருத்துவது பெரும்பாடு. முதல்முறை செய்பவர்களில் பலர் கவலையை எல்லாம் வடிவத்தில் கொட்டிவிட்டு ரெசினை அவசரமாக முடிக்கிறார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள்.

காசு மிச்சமாகும் என்று நம்பியும் இறங்க வேண்டாம். நுரை, நெய்த துணி, எபாக்ஸி ரெசின், அடியில் சுக்கான் போல நிற்கும் ஃபின்னைச் செருகும் பெட்டி, முகமூடி, கட்டுக்கட்டாக உப்புத்தாள் எல்லாம் சேர்ந்தால் பழைய போர்டு ஒன்றின் விலையைத் தாண்டிவிடும். அலையில் ஏறப் பலகை வேண்டும் என்றால் பழையதை வாங்கிக்கொள்வது நல்லது. பலகை எப்படி ஓடுகிறது என்று கைப்படத் தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் மேலே படியுங்கள்.

உள்ளே நுரை வந்தது பிற்காலத்தில்தான். ஹவாய்த் தீவுகளில் பழங்காலத்தில் கோவா, ஈரப்பலா, விலிவிலி ஆகிய மரங்களில் பலகை செதுக்கினார்கள். (விலிவிலி நம் கல்யாண முருங்கைக்குப் பங்காளி மரம்; தக்கை போல லேசானது.) கலிபோர்னியாவில் ரெட்வுட் வந்தது, பிறகு பால்சா. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், போர்த் தேவைக்காக வளர்ந்த கண்ணாடி இழையும் ரெசினும் சாதாரண மக்கள் கைக்கு எட்டின. பாப் சிம்மன்ஸ் போன்றவர்கள் அவற்றைப் பலகைமேல் போர்த்திப் பார்த்தார்கள். 1950களின் தொடக்கத்தில் ஹோபி ஆல்டர் என்ற இளைஞர், லகுனா பீச்சில் இருந்த குடும்ப வீட்டின் கார் ஷெட்டில் பால்சா பலகைகள் செய்து விற்க ஆரம்பித்தார். பால்சாவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அவரும், அவரிடம் வேலை பார்த்த கார்டன் கிளார்க்கும், பாலியூரிதேன் நுரையை அச்சில் வார்க்கும் முறையை அந்தப் பத்தாண்டின் கடைசியில் ஒரு நிலைக்குக் கொண்டுவந்தார்கள். 1961இல் கிளார்க் தனியே தொழிற்சாலை போட்டார். அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்கப் பலகைகளில் பெரும்பாலானவற்றின் வயிற்றுக்குள் இருந்தது கிளார்க்கின் நுரைதான்.

2005 டிசம்பர் 5, திங்கட்கிழமை. தொழிற்சாலையை மூடிவிட்டதாக கிளார்க் வாடிக்கையாளர்களுக்கு ஃபேக்ஸ் அனுப்பினார். முன்னறிவிப்பு எதுவும் இல்லை. நுரை வார்க்கப் பயன்படும் நச்சு வேதிப்பொருள், சுற்றுச்சூழல் அதிகாரிகளின் கெடுபிடி, வழக்குப் பயம் என்று காரணங்கள் சொன்னார். சில நாட்களில் நுரையின் விலை தாறுமாறாக ஏறியது. பலகை செய்பவர்கள் வேறு நுரை தேடி ஓடினார்கள். அதுவரை ஓரத்தில் கிடந்த தெர்மாகோலும் எபாக்ஸியும் அப்போதுதான் நடுவீட்டுக்கு வந்தன. வீட்டில் செய்பவருக்கு அது நல்லதாகவே முடிந்தது.

ஏனென்றால் உங்கள் முதல் முடிவு எந்த நுரை என்பதுதான். மற்றவை எல்லாம் அதன் பின்னால் வரும்.

பாலியூரிதேன் நுரை, பலகை வடிவத்துக்குக் கிட்டத்தட்ட வார்க்கப்பட்டு, ஸ்ட்ரிங்கரும் ஒட்டப்பட்டே வரும். செதுக்க இதமானது, உப்புத்தாளுக்குப் பொடிப்பொடியாகக் கொடுக்கும். அதன்மேல் பாலியெஸ்டர் ரெசினும் போடலாம், எபாக்ஸியும் போடலாம். ஆனால் அது சர்ஃப் கடைக்காரர் வழியாகத்தான் கிடைக்கும்; நம் பக்கம் வரவழைப்பதற்குள் வண்டிக்கூலியே கண்ணைக் கட்டும். தெர்மாகோல் கட்டி அப்படியில்லை. குளிர்பதன அறைகளுக்கும் மொட்டைமாடி வெப்பத் தடுப்புக்கும் அதை விற்கிறார்கள். டிவி பெட்டிக்குள் வரும் மெல்லிய ரகம் உதவாது. ஒரு கன மீட்டருக்கு 24 முதல் 32 கிலோ அடர்த்தி உள்ள கட்டியாகக் கேளுங்கள். மணிகள் ஒன்றோடொன்று நன்றாக இறுகியிருக்க வேண்டும்.

தெர்மாகோல் எடுத்தால் ரெசின் எபாக்ஸிதான். அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துத் தின்றுவிடும். நம்பிக்கை வராவிட்டால் ஒரு துண்டின்மேல் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

இங்கே கடலோரத்து வாசகருக்குத் தனியாக ஒன்று. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றைச் செய்யவும் பழுது பார்க்கவும் பட்டறைகள் இருக்கின்றன. ரெசினைக் கையாளும் பழக்கத்தை அந்தத் தொழிலாளர்களிடம் கற்றுக்கொள்ளலாம். அவர்களைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார். ஆனால் பட்டறைச் சரக்கை அப்படியே வாங்கி வந்துவிடாதீர்கள். படகுக்குப் போடும் மேட், வெட்டிய இழைகளை இறைத்து அழுத்திய பாய். ரெசினை அளவில்லாமல் குடித்துப் பலகையைக் கனமாக்கிவிடும். பலகைக்கு வேண்டியது தறியில் நெய்த மெல்லிய துணி. சதுர மீட்டருக்கு 135 கிராம், 200 கிராம் என்று இரண்டு ரகம்; சர்ஃப் உலகில் நாலு அவுன்ஸ், ஆறு அவுன்ஸ் என்பார்கள்.

பட்டறையில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பாலியெஸ்டர் ரெசினுக்கு ஊதா நிற கோபால்ட் ஆக்சிலரேட்டர் ஒன்று, தண்ணீர் போல் இருக்கும் கேட்டலிஸ்ட் ஒன்று எனத் தனித்தனியாகக் கொடுப்பார்கள். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் ஆக்சிலரேட்டரை ரெசினில் நன்றாகக் கலந்து, அதன் பிறகே கேட்டலிஸ்ட். அந்தக் கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி அணியாமல் அதன் மூடியைத் திறக்காதீர்கள்.

இனி வடிவம். இணையத்தில் வீரர்கள் ஓட்டும் ஆறடிப் பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம். 65, 70 கிலோ எடையுள்ள, கற்றுக்கொண்டிருக்கும் ஆளுக்கு 8 அடி நீளம், 22½ அங்குல அகலம், 3 அங்குலக் கனம் நல்ல தொடக்கம். கனஅளவு 60 லிட்டரை ஒட்டி வரும். மூக்கு நுனியிலிருந்து 12 அங்குலம் உள்ளே அகலம் 17 அங்குலம், வால் நுனியிலிருந்து 12 அங்குலம் உள்ளே 15½ அங்குலம் வைத்துக்கொள்ளலாம். பெரிய பலகை துடுப்பு போட எளிது, அலையைச் சீக்கிரம் பிடிக்கும், செய்யும்போது விழும் மேடு பள்ளங்களையும் பொறுத்துக்கொள்ளும்.

பக்கவாட்டில் பார்த்தால் பலகை நேராக இருக்காது. மூக்கும் வாலும் மேல்நோக்கி வளைந்திருக்கும். இந்த வளைவுக்குப் பெயர் ராக்கர். பலகையைச் சமதளத்தில் வைத்தால் மூக்கு நுனி நாலரை அங்குலமும் வால் நுனி இரண்டரை அங்குலமும் உயர்ந்திருக்கட்டும். வளைவு குறைந்தால் வேகம் கூடும். ஆனால் அலையிலிருந்து இறங்கும்போது மூக்கு தண்ணீருக்குள் குத்தும். வளைவு கூடினால் குத்தாது. ஆனால் பலகை தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும். அகலம், கனம் எல்லாவற்றையும்விட, பலகையின் குணத்தை ராக்கர்தான் அதிகம் மாற்றுகிறது. ஆகவே இந்த ஒரு அளவில் மட்டும் உங்கள் சொந்தக் கற்பனையைக் காட்டாதீர்கள். நன்றாக ஓடும் பலகை ஒன்றைத் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கி, அதன் வளைவை ஒவ்வொரு அடிக்கும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

8 அடி நீளம், 2 அடி அகலம், 6 அங்குலக் கனம் உள்ள கட்டி போதும். ராக்கர் வளைவைப் பிளைவுட்டில் வெட்டி, கட்டியின் இரு பக்கமும் ஒன்றுபோலப் பொருத்தி, சூடான நிக்ரோம் கம்பியை அதன்மேல் இழுத்தால் தெர்மாகோல் வெண்ணெயாக அறுபடும். கம்பிக்குக் குறைந்த வோல்ட் மின்சாரம் தரும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும். வீட்டு பிளக்கில் நேராகச் செருகினால் உயிர் போகும். புகையும் நல்லதல்ல, வெட்டவெளியில் செய்யுங்கள். பிறகு கட்டியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுவில் அதே வளைவில் வெட்டிய 4 மில்லிமீட்டர் பிளைவுட்டை வைத்து எபாக்ஸியால் ஒட்டி, கயிற்றால் இறுக்கி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். ஸ்ட்ரிங்கர் தயார்.

மேலிருந்து பார்க்கும் வடிவத்துக்கு முழுப் பலகையையும் வரைய வேண்டியதில்லை. மெல்லிய பிளைவுட்டில் பாதி வடிவத்தை மட்டும் வெட்டி, ஸ்ட்ரிங்கரோடு சேர்த்து வைத்து ஒரு பக்கம் வரைந்து, அப்படியே புரட்டி மறுபக்கம் வரையுங்கள். தையல்காரர் துணியை மடித்து வெட்டுவது போலத்தான். இரு பக்கமும் தானாக ஒத்துவரும். கைவாளால் கோட்டுக்கு வெளியே அறுத்து, மிச்சத்தை உப்புத்தாளால் கோடு வரை கொண்டுவாருங்கள்.

செதுக்கும் இடத்தில் வெளிச்சம்தான் முக்கியம். தொழில்முறைப் பட்டறைகளில் தலைக்கு மேல் விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய மாட்டார்கள். இடுப்பு உயரத்தில், இரண்டு பக்கச் சுவரிலும் நீளக் குழல் விளக்கு இருக்கும். சுவருக்கு அடர்ந்த நிறம் பூசியிருப்பார்கள். வெளிச்சம் பக்கவாட்டில் வந்தால் சின்ன மேடும் நிழல் போட்டுக் காட்டிக்கொடுக்கும். மேலிருந்து வந்தால் எல்லாம் சமமாகவே தெரியும். மறுநாள் வெயிலில் பார்க்கும்போதுதான் பலகை ஓடையும் வரப்புமாக இருப்பது தெரியவரும்.

முதலில் அடிப்பக்கம், பிறகு மேல்பக்கம், கடைசியில் ஓரங்கள். மின் இழைப்புளி இருந்தால் மெல்லிய இழைப்பாக, மூக்கு முதல் வால் வரை நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். தெர்மாகோலில் இழைப்புளி மணிகளைப் பிய்க்கும். அதனால் கடைசி அரை அங்குலத்தை 40, 60 நம்பர் உப்புத்தாள் ஒட்டிய நீளமான கட்டையால் தேய்த்து எடுப்பதுதான் பாதுகாப்பு. ஓரத்துக்கு முதலில் 45 பாகைச் சாய்வில் ஒரு பட்டை, அதன் இரு பக்கமும் இன்னும் சிறிய பட்டைகள் என்று எடுத்து, கடைசியில் பட்டைகளின் முனைகளை வலை போன்ற உப்புத்தாளால் உருட்டி வட்டமாக்க வேண்டும். ஒரு பக்கத்தில் எத்தனை இழைப்பு எடுத்தீர்களோ, மறுபக்கத்திலும் அத்தனையே. ஓரம் முன்பாதியில் உருண்டையாகவும், வாலுக்கு அருகே கடைசி ஒன்றரை அடியில் கீழ்விளிம்பு கூராகவும் இருக்கட்டும். அந்தக் கூரில்தான் தண்ணீர் பலகையைவிட்டுச் சட்டென்று பிரியும்.

செதுக்கி முடித்த நுரை இரண்டு கிலோகூட இருக்காது. மணிகளுக்கு இடையிலுள்ள துளைகளை அப்படியே விட்டால் ரெசினை உறிஞ்சும். எபாக்ஸியில் மைக்ரோபலூன் எனும் வெள்ளைப் பொடியைக் கலந்து பூசி, தகட்டால் வழித்து எடுத்துவிடுங்கள்.

முகமூடி பற்றிச் சொல்லாமல் ரெசினுக்குப் போக முடியாது. நுரைத்தூளுக்கும் கண்ணாடி இழைத்தூளுக்கும் தூசி வடிகட்டும் முகமூடி. ரெசின் ஆவிக்கு, வேதி ஆவி உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் செருகிய முகமூடி. கைக்குட்டை கட்டிக்கொள்வது இரண்டுக்கும் உதவாது. எபாக்ஸியில் நாற்றம் குறைவு என்பதால் பலர் ஏமாறுகிறார்கள். வெறுங்கையால் தொட்டுத் தொட்டு ஒருநாள் உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு வாழ்நாள் முழுக்க எபாக்ஸி பக்கமே போக முடியாமல் போகலாம். நைட்ரைல் கையுறை ஒரு டப்பா வாங்கி வையுங்கள். கை துடைக்க அசிட்டோன் வேண்டாம். அது ரெசினைத் தோலுக்குள் கொண்டுபோய்விடும், தீயும் பற்றும்.

துணி போர்த்துவதில் அடிப்பக்கம் முதலில். பலகையைக் குப்புறப் போட்டு ஆறு அவுன்ஸ் துணியை விரித்து, ஓரத்தைத் தாண்டி இரண்டு அங்குலம் தொங்கும்படி கத்தரியுங்கள். மூக்கிலும் வாலிலும் சிறு வெட்டுகள் கொடுத்தால் மடிப்பு விழாமல் சுற்றிக்கொள்ளும். எபாக்ஸியை இறுகவைக்கக் கலக்கும் திரவம் ஹார்டனர்; நம் வெயிலுக்கு மெதுவாக இறுகும் ரகம்தான் சரி. ரெசினுக்கு எவ்வளவு ஹார்டனர் என்று டப்பாவில் போட்டிருக்கிறதோ அதே அளவு. சீக்கிரம் இறுகட்டும் என்று கொஞ்சம் கூட்டி ஊற்றுவது பாலியெஸ்டரில் ஓரளவு செல்லும். எபாக்ஸியில் செல்லாது, பிசுபிசுவென்று இறுகாமல் நின்றுவிடும். தராசு வைத்து அளப்பதானால் எடைக்கான விகிதத்தைப் பாருங்கள். கொள்ளளவு விகிதம் வேறு. மூன்று நிமிடம், அடியையும் ஓரத்தையும் வழித்து வழித்துக் கலக்க வேண்டும். கலந்ததை டப்பாவிலேயே வைத்திருந்தால் தன் சூட்டில் தானே கொதித்துப் புகையும். உடனே பலகையின் நடுவில் ஊற்றிப் பரப்பிவிடுங்கள்.

ரெசினைப் பரப்பும் தகடான ஸ்குவீஜியை அழுத்தாதீர்கள். துணி ரெசினைக் குடிக்க நேரம் கொடுங்கள். குடித்த இடம் கண்ணாடி போலத் தெளியும், வெள்ளையாகத் தெரியும் இடத்துக்கு இன்னும் வேண்டும் என்று பொருள். எங்கும் தெளிந்த பிறகு, மிஞ்சியதை நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்து வெளியே தள்ளுங்கள். துணியின் நெசவு மேலே லேசாகத் தெரிய வேண்டும். ரெசின் கூடினால் பலம் கூடும் என்பது தப்புக் கணக்கு. துணி ரெசினில் மிதந்தால் ஓடு கனமாகும், எளிதில் வெடிக்கவும் செய்யும். துணியின் எடையும் ரெசினின் எடையும் ஏறக்குறைய சமம் என்பதுதான் குறி. தொங்கும் ஓரத்தைக் கீழே மடித்துப் படியவைத்தால் முடிந்தது.

நேரம் பார்ப்பதும் முக்கியம். தெர்மாகோலுக்குள் காற்று இருக்கிறது. காலையில் ரெசின் போட்டால், வெயில் ஏற ஏற அந்தக் காற்று விரிந்து ஓட்டுக்குள் குமிழ் குமிழாகக் கிளம்பும். சூடு இறங்கும் நேரத்தில் போட்டால் நுரை காற்றை உள்ளே இழுத்து ரெசினையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் கடலோரத்தில் இருட்டியதும் ஈரம் ஏறிவிடும். ஈரக்காற்றில் இறுகும் எபாக்ஸிமேல் எண்ணெய் போல ஒரு படலம் படியும். பிற்பகல் மூன்றரை, நான்கு மணிக்குத் தொடங்குவது இரண்டுக்கும் நடுவழி. அப்படியும் படலம் வந்தால், தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, நன்றாகக் காயவிட்டு, அடுத்த பூச்சுக்குப் போங்கள். கழுவாமல் பூசினால் அது ஒட்டாது.

மறுநாள் மேல்பக்கம். ஏறி நிற்கும் இடம் என்பதால் இங்கே ஆறு அவுன்ஸ் ஒன்று, நாலு அவுன்ஸ் ஒன்று என இரண்டு துணி. அதன்பின் நெசவை மூடுவதற்கு இருபுறமும் தூரிகையால் ஒரு ரெசின் பூச்சு. இதை 80, 120, 220 என்று உப்புத்தாள் மாற்றித் தேய்த்துச் சமமாக்க வேண்டும். தேய்க்கும்போது துணியின் பின்னல் கண்ணில் பட்டால் உடனே நிறுத்துங்கள், ஓட்டையே தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள். மொத்தத்தில் இரண்டு, இரண்டரைக் கிலோ எபாக்ஸி செலவாகும். பலகை ஐந்து கிலோ அளவில் வந்து நிற்கும். மினுமினுக்கும் கடைசிப் பூச்சு அழகுக்கு மட்டும்தான், நான் அதை விட்டுவிடுவேன்.

ஃபின் ஒன்று போதுமா மூன்றா என்ற விவாதம் ஓயாதது. 1981இல் ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் மூன்று ஃபின் பலகையில் பெல்ஸ் பீச் போட்டியை வென்ற பிறகு உலகம் மூன்றின் பக்கம் சாய்ந்தது. மூன்று வைப்பதானால், பின் ஃபின்னின் கடைசி முனை வால் நுனியிலிருந்து மூன்றரை அங்குலத்தில். முன் இரண்டும் 11, 12 அங்குலத்தில், ஓரத்திலிருந்து ஒன்றேகால் அங்குலம் உள்ளே, மூக்கை நோக்கி லேசாகத் திரும்பி. முதல் பலகைக்கு நடுவில் ஒரே ஒரு நீளப் பெட்டி வைத்து ஒற்றை ஃபின் போடுவது சுலபம். துளையிடும் வேலையும் மூன்றில் ஒரு பங்குதான். எந்தப் பெட்டியானாலும் வெறும் தெர்மாகோலில் உட்கார வைக்காதீர்கள். சுற்றிலும் மைக்ரோபலூன் கலந்த எபாக்ஸி நிரப்பி, மேலே ஒரு துண்டுத் துணி போர்த்துங்கள். காலில் கட்டும் கயிற்றுக்கான குமிழையும் ஸ்ட்ரிங்கருக்கு அருகில் இதே முறையில் பதிக்கலாம்.

முடிந்த அன்றே கடலுக்குத் தூக்கிக்கொண்டு ஓட மனம் துடிக்கும். ஒரு வாரமாவது நிழலில் விடுங்கள். தொட்டால் இறுகியது போல் இருந்தாலும் எபாக்ஸி உள்ளுக்குள் இன்னும் இறுகிக்கொண்டுதான் இருக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் பலகையை எப்போதும் வைக்காதீர்கள். சூட்டில் உள்காற்று விரிந்து ஓட்டை நுரையிலிருந்து பிரித்துவிடும். பாதம் வழுக்காமல் இருக்க மேலே பூசும் மெழுகில் தண்ணீரின் சூட்டுக்கேற்ப ரகங்கள் உண்டு. கோவளம், மாமல்லபுரம், அறுகம் குடா எங்கே போனாலும் வெப்பமண்டல ரகத்தையே கேளுங்கள், மற்றவை உருகி ஓடும்.

செதுக்கும்போது பறக்கும் தெர்மாகோல் மணிகளைத் தார்ப்பாய் விரித்துக் கூட்டி மூட்டை கட்டிவிடுங்கள். காற்றில் விட்டால் அவை போய்ச் சேரும் இடம் நீங்கள் சறுக்கப் போகும் அதே கடல்தான். பலகை பாறையில் இடித்து ஓடு வெடித்தால் அடுத்த அலைக்குக் காத்திருக்காமல் கரையேறுங்கள். வெடித்த இடம் கீழே பார்க்கும்படி பலகையைச் சாய்த்து வைத்து, தண்ணீர் முழுக்க வடிந்து காயும் வரை, அது எத்தனை நாளானாலும், பொறுத்திருந்து பிறகே எபாக்ஸியால் மூடுங்கள். ஈரத்தோடு மூடிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும்.